விசையுந்துச் சங்கிலி-பற்சக்கரத் தொகுதி

விசையுந்துச் சங்கிலி-பற்சக்கரத் தொகுதி என்பது மோட்டார் சைக்கிளின் கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் இறுதி இயக்க அமைப்பு ஆகும். சிறிய முன் பற்சக்கரம், பெரிய பின் பற்சக்கரம், இவ்விரண்டையும் இணைக்கும் உருளைச் சங்கிலி ஆகிய மூன்றும் இதன் உறுப்புகளாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பற்சக்கரம் "ஸ்ப்ராக்கெட்" என்றும், மூன்றும் சேர்ந்த தொகுதி "செயின் செட்" அல்லது "செயின் கிட்" என்றும் வழங்கப்படுகின்றன.

இத்தொகுதி தேயும் தன்மையுடையது. ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் அதன் வாழ்நாளில் சில முறையாவது மாற்றப்படுகிறது. மாற்றும்போது பற்களின் எண்ணிக்கையையோ சங்கிலியின் வகையையோ வேறாகத் தேர்ந்தெடுத்து, வண்டியின் இயல்பைத் தேவைக்கேற்ப மாற்றுவதும் உண்டு. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஏற்றச் சாலைகளில் இருவரையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் சிறிய விசையுந்துகளுக்கு இம்மாற்றம் பயனுள்ளதா என்பதையும், அதன் எல்லைகள் எவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

அமைப்பு

உருளைச் சங்கிலி, அகக் கண்ணிகளும் புறக் கண்ணிகளும் மாறி மாறி அமைந்த தொடராகும். அகக் கண்ணியில் இரு தகடுகளும் அவற்றை இணைக்கும் இரு குழல்களும் உள்ளன. குழல்களின் மேல் உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றன. புறக் கண்ணியின் முளைகள் இக்குழல்களுக்குள் நுழைந்து கீல் போலச் செயற்படுகின்றன. பற்சக்கரத்தின் பல்லோடு தொடர்பு கொள்வது உருளை ஆகும். ஆனால் சங்கிலி வளையும்போது உராய்வு நிகழும் முதன்மையான இடம் முளைக்கும் குழலுக்கும் இடையிலான மறைவான பகுதியாகும். சங்கிலியின் ஆயுளைத் தீர்மானிப்பது இப்பகுதியே.

முன் பற்சக்கரம் கியர்ப்பெட்டியின் வெளியீட்டு அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். பின் பற்சக்கரம் பின்சக்கரத்தின் குடத்தோடு இணைந்திருக்கும். பல வண்டிகளில் பின் பற்சக்கரத்துக்கும் குடத்துக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் இரப்பர்த் துண்டுகள் வைக்கப்படுகின்றன. எந்திரத்தின் துடிப்புகள் சங்கிலியை நேரடியாக இழுத்து உலுக்காமல் இவை காக்கின்றன.

வரலாறு

உருளையும் குழலும் கொண்ட இன்றைய சங்கிலி வடிவத்துக்கு 1880ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செசுட்டரில் தொழில் நடத்திய ஆன்சு ரெனால்டு ஆவார். இச்சங்கிலி முதலில் ஆலை இயந்திரங்களிலும் மிதிவண்டிகளிலும், பின்னர் விசையுந்துகளிலும் இடம் பெற்றது.

தொடக்ககால விசையுந்துகள் பலவற்றில் பின்சக்கரம் தோல் வாரினால் இயக்கப்பட்டது. வார் ஓசையின்றி மென்மையாக இயங்கும். ஆயினும் மழையில் நனைந்தாலும், ஏற்றத்தில் இழுவை மிகுந்தாலும் கப்பியின் மேல் நழுவும். 1911ஆம் ஆண்டு மாண் தீவின் டி.டி. பந்தயம் முதன்முறையாக மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டின் மூத்த பிரிவுப் போட்டியில் அமெரிக்காவின் "இந்தியன்" நிறுவன வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் வென்றன. அவ்வண்டிகள் சங்கிலி இயக்கமும் இரண்டு கியர்களும் கொண்டவை. மலையேற்றத்துக்கு நழுவாத இயக்கமும் மாற்றத்தக்க பல் விகிதமும் தேவை என்பதை அப்பந்தயம் வெளிப்படையாகக் காட்டியது.

இந்தியாவில், 1955ஆம் ஆண்டு சென்னையில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. பழைய புல்லட் வண்டிகளில் பின் பற்சக்கரமும் பிரேக் உருளையும் ஒரே உறுப்பாக இருந்தன. ஆகவே பல் விகிதத்தை மாற்ற விரும்பியோர் பெரும்பாலும் முன் பற்சக்கரத்தையே மாற்றினர். சமவெளியில் நெடும்பயணம் செல்வோர் ஒரு பல் கூடுதலாகவும், மலையில் ஓட்டுவோர் ஒரு பல் குறைவாகவும் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

சங்கிலியின் எண்கள்

விசையுந்துச் சங்கிலிகள் 420, 428, 520, 525, 530 போன்ற எண்களால் குறிக்கப்படுகின்றன. முதல் இலக்கம், அடுத்தடுத்த இரு முளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அலகில் தருகிறது. இத்தொலைவு கண்ணி இடைவெளி எனப்படும். 4 எனத் தொடங்கும் சங்கிலிகளின் கண்ணி இடைவெளி 4/8 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 5 எனத் தொடங்குபவற்றில் இது 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். பின்வரும் இரு இலக்கங்கள் உட்புற அகலத்தைச் சார்ந்தவை. 520 சங்கிலியின் உட்புற அகலம் 1/4 அங்குலம், 525 சங்கிலியினுடையது 5/16 அங்குலம், 530 சங்கிலியினுடையது 3/8 அங்குலம் ஆகும்.

இந்தியாவின் 100 முதல் 150 கன சென்டிமீட்டர் வரையிலான வண்டிகளில் 428 சங்கிலி பரவலாகப் பயன்படுகிறது. சங்கிலியும் இரு பற்சக்கரங்களும் ஒரே எண்ணுக்கு உரியவையாக இருத்தல் வேண்டும். கண்ணி இடைவெளி வேறுபட்டால் பொருத்தவே இயலாது. அகலம் மட்டும் வேறுபட்டால் பொருந்துவது போலத் தோன்றினாலும் பக்கவாட்டில் ஆடி விரைவில் கெடும்.

பல் விகிதம்

பின் பற்சக்கரத்தின் பற்களை முன் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் இறுதிப் பல் விகிதம் கிடைக்கும். முன்னால் 15 பற்களும் பின்னால் 45 பற்களும் இருந்தால் விகிதம் 3.00 ஆகும். அதாவது முன் பற்சக்கரம் மூன்று முறை சுழலும்போது பின்சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், முறுக்குவிசை மூன்று மடங்காகும்.

இதே வண்டியில் பற்களை மாற்றினால் விகிதம் பின்வருமாறு மாறும்:

16 / 45 — விகிதம் 2.81 — இழுவை 6.3 விழுக்காடு குறையும்
15 / 45 — விகிதம் 3.00 — மூல அமைப்பு
15 / 48 — விகிதம் 3.20 — இழுவை 6.7 விழுக்காடு கூடும்
14 / 45 — விகிதம் 3.21 — இழுவை 7.1 விழுக்காடு கூடும்
14 / 47 — விகிதம் 3.36 — இழுவை 11.9 விழுக்காடு கூடும்
13 / 45 — விகிதம் 3.46 — இழுவை 15.4 விழுக்காடு கூடும்

முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பற்களைக் கூட்டுவதும் ஏறத்தாழச் சமமான விளைவைத் தருவதை இப்பட்டியலில் காணலாம்.

இங்கு ஓர் அடிப்படைச் செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். பற்சக்கரம் எந்திரத்தின் திறனைக் கூட்டுவதில்லை. இழுவையில் கிடைக்கும் ஆதாயம் முழுவதும் வேகத்தில் ஏற்படும் இழப்பால் ஈடுகட்டப்படுகிறது. ஆகவே "செயின் செட்டை மாற்றினால் வண்டியின் பவர் கூடும்" என்ற பரவலான கூற்று பிழையானது. இருக்கும் திறன் எந்த வேகத்தில் பயன்பட வேண்டும் என்பதையே இம்மாற்றம் தீர்மானிக்கிறது.

பழனி மலைச் சாலைகள்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் மலைத்தொடராகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1845ஆம் ஆண்டு அமெரிக்க மறைப்பணியாளர்களால் வாழிடமாக உருவாக்கப்பட்ட கொடைக்கானல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரியகுளம் பக்கமிருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தும் பல்லக்கிலும் மக்கள் மேலேறிய காலம், வத்தலக்குண்டிலிருந்து வரும் மலைச்சாலை 1916ஆம் ஆண்டு போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் மாறியது. இச்சாலை அதைத் திட்டமிட்ட பொறியாளரின் பெயரால் லா மலைச்சாலை எனப்படுகிறது. பழனியிலிருந்து வரும் மற்றொரு மலைச்சாலை பெருமாள்மலையில் இதனுடன் இணைகிறது.

வத்தலக்குண்டு 300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால், 50 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவில் வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏறுகிறது. சராசரிச் சாய்வு 3.5 விழுக்காடு மட்டுமே. எனினும் கொண்டை ஊசி வளைவுகளிலும், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போன்ற ஊர்களின் உட்சாலைகளிலும், தோட்டப் பாதைகளிலும் சாய்வு இதைவிடப் பன்மடங்கு மிகும். மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் முதலியவற்றின் மூட்டைகளும் உரமும் இப்பாதைகளில் இருசக்கர வண்டிகளிலும் செல்கின்றன.

உயரம் மற்றொரு தடையையும் ஏற்படுத்துகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 19 விழுக்காடு குறைவு. எந்திரம் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அந்த அளவு குறைவான ஆக்சிசனையே பெறுகிறது. எனவே முறுக்குவிசையும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் எரிபொருள் கலவை மிகைப்பட்டுக் கரும்புகையும் எழக்கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் எரிபொருள் உட்செலுத்து முறை பரவலாகியுள்ளது. இம்முறை கலவையின் அளவைச் சரிசெய்யும். ஆயினும் காற்றில் இல்லாத ஆக்சிசனை அதனால் தர இயலாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

வண்டி, இருவர், சிறு மூட்டை ஆகியவற்றின் மொத்த நிறை 310 கிலோகிராம் எனக் கொள்வோம். வண்டி 10 விழுக்காடு சாய்வில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். சாய்வுக்கு எதிராக ஏறத்தாழ 303 நியூட்டனும், சக்கரங்களின் உருளல் தடைக்கு 46 நியூட்டனும், காற்றுத் தடைக்கு 21 நியூட்டனும் தேவைப்படும். மொத்தம் 370 நியூட்டன். பின்சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்றால், சக்கரத்தில் தேவைப்படும் முறுக்குவிசை 111 நியூட்டன் மீட்டர் ஆகும்.

எந்திரம் கடல் மட்டத்தில் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகவும், இப்பயணத்தின் சுழற்சி வேகங்களில் இது பெரிதும் மாறாததாகவும் கொள்வோம். முதன்மைக் குறைப்பு விகிதம் 3.3, மூன்றாம் கியரின் விகிதம் 1.4, இறுதி விகிதம் 3.0 எனில் மொத்த விகிதம் 13.86. உராய்வு இழப்பு 10 விழுக்காடு போக, சக்கரத்துக்குக் கிடைப்பது:

கடல் மட்டத்தில், 15 / 45 — 125 நியூட்டன் மீட்டர்
2,100 மீட்டரில், 15 / 45 — 101 நியூட்டன் மீட்டர்
2,100 மீட்டரில், 14 / 45 — 109 நியூட்டன் மீட்டர்
2,100 மீட்டரில், 14 / 47 — 114 நியூட்டன் மீட்டர்

தேவை 111. சமவெளியின் காற்றில் மூன்றாம் கியரில் இச்சாய்வை ஏறக்கூடிய வண்டி, கொடைக்கானலில் ஏற இயலாமல் இரண்டாம் கியருக்கு இறங்குகிறது. முன்னால் ஒரு பல்லைக் குறைத்தாலும் சற்றே போதவில்லை. 14 / 47 இணை போதுமானதாகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உச்ச கியரின் விகிதம் 1.0 எனில், சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூல அமைப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,250 முறை சுழலும் எந்திரம், 14 / 47 இணையுடன் ஏறத்தாழ 5,880 முறை சுழலும். ஓசையும் அதிர்வும் மிகும், எரிபொருள் செலவும் பொதுவாகக் கூடும். வாரந்தோறும் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்று வருபவருக்கு இது இழப்பு. மன்னவனூருக்கும் கொடைக்கானலுக்கும் இடையிலேயே ஓட்டுபவருக்கு இது பொருட்டன்று.

மேலும் ஒரு கேள்வி எழுகிறது. இரண்டாம் கியர் இருக்கும்போது மூன்றாம் கியரில் ஏற வேண்டிய தேவை என்ன? நான்கைந்து கியர்கள் உள்ள வண்டியில் மாற்றத்தின் உண்மையான பயன் முதல் கியரிலேயே உள்ளது. செங்குத்தான இடத்தில் நின்று மீண்டும் புறப்பட, முதல் கியருக்குக் கீழே வேறு கியர் இல்லை. அங்கு இழுவை போதாவிட்டால் ஓட்டுநர் கிளட்சைப் பாதி பிடித்தபடி நெடுநேரம் ஓட்டுவார், கிளட்ச் தகடுகள் எரியும். முதல் கியரில் தடுமாறும் வண்டிக்கு மாற்றம் பயனுள்ளது. முதல் இரு கியர்களில் இயல்பாக ஏறும் வண்டிக்கு அது தேவையற்றது.

ஒரே விகிதத்தில் இயங்கும் மொபெட் வகை வண்டிகளில் நிலைமை வேறு. அவற்றில் தேர்ந்தெடுக்க வேறு கியரே இல்லாததால், இறுதிப் பல் விகிதத்தில் செய்யும் சிறு மாற்றமும் ஏறும் ஆற்றலில் நேரடியாகத் தெரியும்.

இறக்கத்தில் சங்கிலியின் பங்கு

மலைப்பயணத்தில் ஏற்றத்தைவிட இறக்கமே இடர் மிகுந்தது. மேற்கூறிய 310 கிலோகிராம் நிறை 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 5.5 மெகாசூல் ஆகும். இது 25 பாகை செல்சியசில் உள்ள 17 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வாற்றலைக் காற்றுத் தடை, உருளல் தடை, எந்திரத்தின் தடை, பிரேக் ஆகிய நான்கும் பகிர்ந்துகொள்கின்றன. எந்திரம் தன் பங்கை ஏற்காவிட்டால் பிரேக்கின் மேல் சுமை கூடும். மிகையாகச் சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கும்.

எந்திரத்தின் தடை பின்சக்கரத்தைச் சென்றடைவது சங்கிலியின் வழியாகவே. ஏற்றத்தில் சங்கிலியின் மேல்பகுதி விறைப்பாக இருக்கும். இறக்கத்தில் கீழ்ப்பகுதி விறைத்து மேல்பகுதி தளரும். தேய்ந்து நீண்ட சங்கிலி இத்தருணத்தில் பற்களைத் தாண்டிக் குதிக்கவோ கழன்று விழவோ கூடும். கழன்றால் எந்திரத்தின் தடை அக்கணமே இல்லாமற் போகும். பின் பற்சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் பற்சக்கரத்தருகே சுருண்டால் எந்திரத்தின் உறை உடையலாம். ஆகவே மலையில் ஓட்டுபவருக்குப் பல் விகிதத்தைவிடச் சங்கிலியின் நிலையே முதன்மையானது. இறக்கத்தில் எந்திரத்தை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருள்வது எரிபொருளைச் சேமிப்பதாகக் கருதப்பட்டாலும், எந்திரத்தின் தடையை முற்றிலும் கைவிடுவதால் இடர் மிக்க பழக்கமாகும்.

விகிதம் மிகுந்த பற்சக்கர இணை, அதே கியரில் எந்திரத்தின் தடையையும் மிகுதியாக்குகிறது. இது மலை வண்டிக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை ஆகும்.

எந்தப் பற்சக்கரத்தை மாற்றுவது?

முன் பற்சக்கரம் விலை குறைந்தது, எளிதில் மாற்றத்தக்கது. எனவே பலர் அதையே மாற்றுகின்றனர். ஆனால் அதன் பற்களை மிகவும் குறைப்பது நன்றன்று. அதற்கான காரணங்கள் வருமாறு:

முதலாவது, சங்கிலி பற்சக்கரத்தின் மேல் வட்டமாக அன்றிப் பலகோணமாகவே படிகிறது. ஆகவே பற்சக்கரம் சீராகச் சுழன்றாலும் சங்கிலியின் வேகம் சிறிது கூடிக் குறையும். இவ்வேறுபாடு 17 பற்களில் 1.7 விழுக்காடு, 15 பற்களில் 2.2 விழுக்காடு, 13 பற்களில் 2.9 விழுக்காடு, 11 பற்களில் 4 விழுக்காடு ஆகும். பற்கள் குறையக் குறைய அதிர்வும் தேய்மானமும் மிகும்.

இரண்டாவது, ஒவ்வொரு கண்ணியும் 15 பற்கள் கொண்ட சக்கரத்தில் 24 பாகையும், 13 பற்கள் கொண்ட சக்கரத்தில் 27.7 பாகையும் மடங்குகிறது. மடங்கும் கோணம் கூடினால் முளைக்கும் குழலுக்கும் இடையிலான உராய்வும் கூடும்.

மூன்றாவது, ஒரே ஏற்றத்தை ஏறும்போது சங்கிலியின் இழுவிசை பின் பற்சக்கரத்தின் ஆரத்தைப் பொறுத்தது. பின் பற்சக்கரம் பெரிதானால் இழுவிசை குறையும். முன் பற்சக்கரத்தைச் சிறிதாக்குவதால் இந்நன்மை கிட்டாது.

நான்காவது, சில வண்டிகளில் மிகச் சிறிய முன் பற்சக்கரம் பொருத்தினால் சங்கிலி பின்கவையின் மேல் உள்ள காப்புப் பட்டையில் உரசும்.

எனவே விகிதம் ஏறத்தாழச் சமமாக இருக்கையில், 14 / 45 இணையைவிட 15 / 48 இணை சங்கிலிக்கு நல்லது. முன்னால் ஒரு பல்லுக்கு மேல் குறைக்காமல், எஞ்சிய தேவையைப் பின்னால் கூட்டி நிறைவு செய்வது பொதுவாக ஏற்கத்தக்க வழியாகும். பெரிய பின் பற்சக்கரம் சங்கிலி உறைக்குள் அடங்குமா என்பதை முன்னரே பார்த்தல் வேண்டும். உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய சக்கரம் பொருத்துவது சேற்றுக்கும் மழைக்கும் சங்கிலியைத் திறந்துவிடுவதாகும். பின்னிருப்பவரின் சேலையோ துப்பட்டாவோ சிக்கும் இடரும் அதில் உண்டு.

சங்கிலியின் நீளம்

பற்களின் கூட்டுத்தொகை மாறும்போது தேவைப்படும் சங்கிலியின் நீளமும் மாறும். கூட்டுத்தொகையில் இரண்டு பற்கள் கூடினால் ஏறத்தாழ ஒரு கண்ணி மிகுதியாகத் தேவைப்படும். ஆனால் சங்கிலியில் அகக் கண்ணியும் புறக் கண்ணியும் மாறி மாறி வருவதால் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வேறுபாட்டைப் பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்கின்றனர்.

118 கண்ணிகள் கொண்ட 428 சங்கிலியுடன் 15 / 45 இணை உள்ள வண்டியில் இரு பற்சக்கர மையங்களுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 555 மில்லிமீட்டர் ஆகும். அதே நீளச் சங்கிலியில் 14 / 47 இணை பொருத்தினால் பின் அச்சு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்னே வரும். 14 / 48 இணையில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் முன்னே வரும். சீராக்கியில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் 120 கண்ணிகள் கொண்ட சங்கிலி தேவைப்படும்.

பற்களின் எண்ணிக்கைக்கும் கண்ணிகளின் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி இல்லாதிருப்பது தேய்மானத்தைச் சமமாகப் பரப்பும். 120 கண்ணிகள் கொண்ட சங்கிலியில், 48 பற்கள் உள்ள சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் மீண்டும் மீண்டும் அதே ஐந்து கண்ணிகளையே சந்திக்கும். 47 என்பது பகா எண் ஆதலால் அதன் ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் எல்லாக் கண்ணிகளையும் சந்திக்கும்.

சங்கிலி வகைகள்

சாதாரணச் சங்கிலியில் முளைகளுக்கு இடும் எண்ணெய் வெளியேறவும், நீரும் மண்ணும் உட்புகவும் இயலும். 1970களில் பரவத் தொடங்கிய வளையமுள்ள சங்கிலிகளில், தகடுகளுக்கு இடையே சிறு இரப்பர் வளையங்கள் வைத்து மசகு உள்ளேயே அடைக்கப்படுகிறது. வளையத்தின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் ஓ-வளையச் சங்கிலி என்றும், நான்கு விளிம்புகள் கொண்டிருந்தால் எக்சு-வளையச் சங்கிலி என்றும் பெயர். இவை விலை மிகுந்தவை, ஆனால் நெடுங்காலம் உழைப்பவை. வளையங்களின் உராய்வால் சிறிது திறன் இழப்பு உண்டு.

முழு உறையால் மூடப்பட்ட சிறிய வண்டிகளில் சாதாரணச் சங்கிலியே நன்கு உழைக்கும். உறையற்ற வண்டிகளில், குறிப்பாக மூடுபனியும் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெறும் கொடைக்கானல் போன்ற இடங்களில், வளையமுள்ள சங்கிலிக்கு மாறுவது பல் விகிதத்தை மாற்றுவதைவிடப் பயனுள்ள மேம்பாடாகும். வளையமுள்ள சங்கிலி சற்று அகலமானது. ஆகவே அது எந்திர உறையில் உரசாமல் செல்ல இடம் இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

தேய்மானத்தை அறிதல்

சங்கிலி "இழுபட்டு" நீள்வதாகக் கூறப்பட்டாலும், தகடுகள் நீள்வதில்லை. முளையும் குழலும் தேய்வதால் கண்ணி இடைவெளி கூடுகிறது. 428 சங்கிலியைக் கையால் விறைப்பாக இழுத்து 20 இடைவெளிகளை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். இது 256.5 மில்லிமீட்டர் ஆனால் 1 விழுக்காடு தேய்மானம், 259 மில்லிமீட்டர் ஆனால் 2 விழுக்காடு தேய்மானம். மாற்ற வேண்டிய எல்லையை வண்டியின் கையேடு குறிப்பிடும்.

அளவுகோல் இல்லாதபோது, பின் பற்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கலாம். பல்லின் பாதியளவு வெளியே தெரிந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது. பற்கள் ஒருபுறம் சாய்ந்து கொக்கி போலக் கூர்மையடைந்திருந்தால் பற்சக்கரமும் தேய்ந்துவிட்டது. தேய்ந்த பற்சக்கரத்தில் புதிய சங்கிலியையோ, தேய்ந்த சங்கிலியில் புதிய பற்சக்கரத்தையோ பொருத்தினால் புதியதும் விரைவில் கெடும். மூன்றையும் ஒருசேர மாற்றுவது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

பொருத்துதலும் பராமரிப்பும்

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- இரு பற்சக்கரங்களும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். பின்கவையின் இருபுறக் குறிகளையும் சமமாக வைத்தல் இதற்கு உதவும்.
- பட்டறைகளில் "செயின் லாக்" எனப்படும் இணைப்புக் கண்ணியின் பூட்டுத் தகட்டில், மூடிய முனை சங்கிலி செல்லும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னோக்கி இருந்தால் எதிலேனும் தட்டிக் கழன்றுவிடும்.
- சங்கிலியின் தளர்வு கையேடு கூறும் அளவில் இருத்தல் வேண்டும். சிறிய வண்டிகளில் இது பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். சக்கரத்தைச் சுழற்றி, மிக விறைப்பான இடத்தில் அளக்க வேண்டும்.
- முன் பற்சக்கரம், பின்கவையின் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது சங்கிலி மிகுந்த விறைப்பை அடையும். சுமை ஏற்றியதும் வண்டி தாழ்ந்து இந்நிலையை நெருங்கும். ஆகவே இருவரும் மூட்டையும் ஏறிய பின்னும் தளர்வு எஞ்சியிருக்கிறதா எனப் பார்ப்பது மலை வண்டிக்கு இன்றியமையாதது.
- இரப்பர்த் துண்டுகள் நைந்திருந்தால் உடன் மாற்றுதல் வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பின் தளர்வை மீண்டும் சரிபார்க்க வேண்டும். மண்ணெண்ணெயாலோ சங்கிலிக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தாலோ அழுக்கை நீக்கி, உலர்த்திய பின் எண்ணெய் இடலாம். பெட்ரோலும் கம்பித் தூரிகையும் இரப்பர் வளையங்களைக் கெடுக்கும். ஓட்டி முடித்துச் சங்கிலி இளஞ்சூடாக இருக்கும்போது, கீழ்ப்பகுதியின் உட்புறத்தில் எண்ணெய் இடுவது நன்று. எந்திரம் ஓடும்போது, சுழலும் சங்கிலியைத் துணியால் துடைப்பது விரல்களைத் துண்டிக்கக்கூடிய செயலாகும். எந்திரத்தை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றியே துடைக்க வேண்டும்.

பிற விளைவுகள்

வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்கும் வண்டிகளில் அதன் அளவீடு மாறாது. கியர்ப்பெட்டியின் வெளியீட்டிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் விகிதம் கூடினால் வேகமானி உண்மையைவிட மிகுதியாகக் காட்டும். மூல அளவிலிருந்து மாறிய பற்சக்கரங்களைப் பொருத்துவது நிறுவனத்தின் உத்தரவாதத்தைப் பாதிக்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புகளிலிருந்து வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் அறியத்தக்கது.

தமிழ்நாட்டில் உற்பத்தி

இந்தியாவின் விசையுந்துச் சங்கிலி உற்பத்தியில் தமிழ்நாட்டுக்கு முதன்மையான இடம் உண்டு. கோயம்புத்தூரில் 1937ஆம் ஆண்டு போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கப்பட்ட எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனம் "ரோலான்" என்ற பெயரில் சங்கிலிகளையும் பற்சக்கரங்களையும் உருவாக்குகிறது. சென்னையில் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனம் "டயமண்ட்" சங்கிலிகளை உருவாக்குகிறது. கோயம்புத்தூரில் ஆகும் சங்கிலி, பழனி வழியாகக் கொடைக்கானலின் சிறு பட்டறைக்கும் வந்து சேர்கிறது.